வீட்டை நினைக்கக் கூடாத தீவு

தீவில் இறங்கியதும் முதலில் சொல்லித் தருவது, வீட்டை நினைக்காதே என்பதைத்தான். மண்வெட்டி, கடப்பாறை எல்லாம் அதற்குப் பிறகு.

பதினாறு பேர் மணலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பதினொரு நாள் ஜன்னல் இல்லாத கப்பல் அறையில் கிடந்து வந்ததில், தரை இன்னும் ஆடுவது போலவே இருந்தது. டாக்டர் ஜெபசீலி ஆளுக்கு ஒரு வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு அவருக்கு. கண்ணுக்குக் கீழே கருவளையம். அவரைப் பார்த்தால் எங்களைவிட அவர்தான் அதிகம் மண் சுமந்தவர் போலத் தெரிந்தது.

"தினம் காலைல ஒண்ணு. இதப் போட்டுட்டு நீங்க பாக்கறது கேக்கறது எதுவும் மனசுல காயாது. பூசின சுவர் மாதிரி ஈரமாவே நிக்கும். ஊருக்குக் கிளம்புத அன்னைக்கு ஒரு ஊசி போடுவோம். ஈரமா இருக்கதெல்லாம் கழுவிட்டுப் போயிரும். எந்தத் தீவு, என்ன தோண்டினோம்னு யாரு கேட்டாலும் உங்களுக்கே தெரியாது. கம்பெனிக்கு அதான் வேணும்."

"பழசெல்லாம் இருக்கும்ல?" என்று கேட்டான் வில்லாயுதம். என் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவன் ஊர்.

"இருக்கும். ஆனா இங்க வச்சுப் பழச எடுத்து நினைச்சீங்கன்னா அதுவும் இளகிரும். இளகினது ஊசியில போயிரும். போன கோஷ்டியில ஒருத்தர் தினமும் மக கல்யாணத்தையே நினைச்சிட்டு இருந்தாரு. ஊருக்குப் போயி, வீட்டுக்குள்ள நின்ன மருமகனப் பாத்து யாருப்பா நீன்னு கேட்டாராம்."

"அப்ப எம் பொண்டாட்டிய மட்டும் நான் மூணு வேளையும் நெனச்சுக்கிறேன் டாக்டரம்மா" என்றான் அவன்.

எல்லோரும் சிரித்தோம். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படிச் சொன்னவங்கதான் அண்ணாச்சி கடைசி நாள் அழுவாங்க" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எனக்கு இது மூன்றாவது தடவை. பெயர் பூவலிங்கம், ஊர் கமுதிப் பக்கம். முப்பது வருடமாக மண் வேலை. கண்மாய் தூர் வாருவது, கிடங்கு வெட்டுவது, குழாய்க்குப் பள்ளம் எடுப்பது. இதற்கு முன் இரண்டு தடவை தீவுக்குப் போனது தெரியும், வந்தது தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. தூங்கி எழுந்தவனுக்கு இடையில் போன பஸ் நிறுத்தங்கள் தெரியாத மாதிரி.

முதல் தடவை நான் தனியாகப் போகவில்லை. என் தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன் தவசியும் கூட வந்தான். திரும்பும்போது நான் மட்டும்தான் வந்தேன். துறைமுகத்திலேயே இறங்கி எங்கேயோ போய்விட்டார் என்று கம்பெனி ஆள் சொன்னார். அதற்கு ஊரே ஒரு கதை கட்டியது. கேரளாவில் ஒருத்தியோடு இருக்கிறான், கோயம்புத்தூரில் பார்த்தோம், இப்படி. நான்கு வருடமாகிறது. பஞ்சவர்ணம் தாலியைக் கழற்றவும் இல்லை, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. விசேஷ வீடுகளில் அவளை முன்னே கூப்பிடுவதா வேண்டாமா என்று பெண்கள் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் தானாகவே பின்னால் போய் நின்றுகொள்வாள்.

தீவில் எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யாராவது வாய் தவறி வீட்டு ஆள் பெயரைச் சொன்னால், அன்றைக்கு எல்லோர் தட்டையும் அவன்தான் கழுவ வேண்டும். நினைப்பு தானாக வரும்போது சிலர் ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். சிலர் மண்ணைக் கொத்தும்போது பஸ் ஊர்களை வரிசையாகச் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரிட்டே கூப்பிட்டோம். பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். உச்சிப்புளிக்காரர் ஒருவர் தலையை மண்வெட்டிப் பிடியில் முட்டிக்கொள்வார்.

நான் மட்டும் ஒரு ஆளை இஷ்டத்துக்கு நினைத்தேன். தவசியை. அவன் மேல் இருந்த கோபம் கழுவிக்கொண்டு போனால் எனக்கென்ன நட்டம்? கூடை தூக்கும்போதும் இறக்கும்போதும் அவனைத் திட்டினேன்.

"யாரைய்யா அது, நாள் பூரா இந்தக் கிழி கிழிக்கிற?" என்றான் வில்லாயுதம்.

"ஓடுகாலி ஒருத்தன்."

"பேரைச் சொல்லிராத. தட்டு பதினாறு இருக்கு."

நாங்கள் தோண்டியது புதையலுக்காக. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் பூமிக்குள் பார்க்கிற மிஷினை ஒருவன் குழந்தை வண்டி மாதிரித் தள்ளிக்கொண்டு போய், அது கத்துகிற இடத்தில் கொடி நட்டால், என்ன தேடுகிறார்கள் என்று புரியாதா? எப்போதோ ஒரு கப்பல்காரக் கூட்டம் பல இடத்தில் பிரித்துப் பிரித்துப் புதைத்த பொன் என்று சமையல்காரர் சொன்னார். தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது அவருக்கும் தெரியாது. வெள்ளைப் பறவைகளும் முள்செடியும் தவிர அங்கே வேறு உயிர் கிடையாது.

நாற்பதாவது நாள் புது மிஷின் ஒன்று வந்தது. அது தீவின் மேற்கு மூலையில் கத்தியது. என்ஜினியர் கொடி நட்டார். நானும் வில்லாயுதமும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினோம்.

இரண்டு முழம் போனதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மண் சொன்னபடி கேட்டது. கன்னி மண்ணுக்கு ஒரு முறுக்கு இருக்கும். வெட்டினால் கட்டியாக வரும். இது கிளறி மூடின மண். மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து கிடந்தது.

"இங்க முன்னாடியே யாரோ வெட்டிருக்காங்க" என்றேன்.

"கப்பல்காரனா இருக்கும்" என்றான் வில்லாயுதம்.

ஆள் உயரத்துக்கு மேல் போனோம். சுவர் சரியாமலிருக்க இரண்டு பக்கமும் பலகை கொடுத்துக் குறுக்குக் கட்டை அடித்துத்தான் போனோம். அப்போது என் மண்வெட்டி கெட்டியாக எதிலோ முட்டியது. கல் இல்லை, மண்தான். சுற்றிலும் பொதுபொதுவென்று இருக்க, நடுவில் தூண் மாதிரி முறுக்கான மண் நின்றது. சுற்றி எடுத்தேன். இடுப்பளவு உயரம், தலையில் ஒரு தட்டைக் கல்.

கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மண் வேலையில் அளவு பார்த்துத்தான் கூலி. எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று ஓவர்சீயர் அளக்க, பள்ளத்தின் நடுவில் கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தூணாக விட்டுவைப்போம். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சியின் உயரம்தான் அந்த நாளின் ஆழம். சில பேர் அதன் தலையில் மண்ணை அப்பி உயரத்தைக் கூட்டிவிடுவார்கள். தலைப்பா கட்டுறான் என்போம். அந்தப் பேச்சே வரக்கூடாது என்று ஒரு ஆள் மட்டும் சாட்சியின் தலையில் தட்டைக் கல்லை வைப்பான். எங்கள் தாலுகாவிலேயே அப்படி வைக்கிறவன் நான் ஒருவன்தான்.

தீவில் நாள் சம்பளம். அளக்க ஆள் கிடையாது. சாட்சி எதற்கு? பழக்கம். முன்பு வந்தபோது என் கை தானாக விட்டுவைத்திருக்கிறது.

சாட்சி நின்ற இடத்தைப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தில் குறுக்குக் கட்டை அடிக்க வேண்டிய இடமே அதுதான். கட்டை அடித்த தடம் சுவரில் இல்லை. சாட்சியை வெட்டியெறிந்தால்தான் கட்டை போகும். அதை யாரும் வெட்டவில்லை. மேற்குச் சுவர் சரிந்து கிடந்த விதம் அப்படியே தெரிந்தது.

"தள்ளு, நான் பாக்கேன்" என்று வில்லாயுதம் சரிந்த மண்ணைக் கையால் விலக்கினான். முதலில் வெள்ளி அரைஞாண் வந்தது. மண்ணில் கறுத்திருந்தது. அதில் எங்கள் ஊர் அய்யனார் கோயில் தாயத்து. அதற்குப் பிறகு எலும்பு.

அரைஞாணைப் பஞ்சவர்ணம்தான் மதுரையில் எடுத்துக் கொடுத்தாள். கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன்.

வில்லாயுதம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, உனக்குத் தெரிஞ்ச ஆளா?" என்றான். நான் தலையசைத்தேன். "ஓடுகாலியா?" என்று மெதுவாகக் கேட்டான். அதற்கும் தலையசைத்தேன்.

அதற்குள் மேலே மிஷின் விடாமல் கத்தியது. என்ஜினியர் ஏணியில் இறங்கி வந்து, எலும்பைத் தாண்டிக் கால் வைத்து, "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்றார். இரண்டு முழம் கீழேதான் இருந்தது. கல் மூடி போட்ட தாழி. அதற்குள் பொன் தட்டுகளும் காசுகளும். வெளியே எடுத்தபோது பித்தளைப் பாத்திரக் கடையில் சாமான் கிடந்த மாதிரித்தான் தெரிந்தது. மேலே நின்றவர்கள் கை தட்டினார்கள். தவசி சாகிற அன்றைக்கு அவன் காலுக்குக் கீழே இரண்டு முழத்தில் அது இருந்திருக்கிறது.

அரைஞாணை நான் மடியில் செருகினேன். என்ஜினியர் கையை நீட்டினார். "குழியிலிருந்து வர்ற எந்த உலோகமும் கம்பெனிக்கு. பேப்பர்ல இருக்கு" என்றார். அதையும் பொன்னோடு சேர்த்துத் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடினார்கள்.

எலும்பைச் சிமெண்ட் சாக்கில் கட்டி, மேட்டுப் பக்கம் நானும் வில்லாயுதமும் புதைத்தோம். மற்ற இரண்டு பேர் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்கள். புதையல் கிடைத்துவிட்டதால் மறுநாள் கப்பல். கப்பல் ஏறுமுன் ஊசி. ஊசி போட்டால் சாட்சி, அரைஞாண், மேட்டில் வைத்த சாக்கு எல்லாம் போய்விடும். ஊரில் இறங்கி, ஓடுகாலி என்று அவனை மறுபடியும் திட்டுவேன். பஞ்சவர்ணம் சாகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒரு சொல் சேர்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் என் மனதில் ஓடியது. நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

"டாக்டரம்மா, ஊருக்கு ஒரு போன் பேசணும்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "கண்டுபிடிச்சிட்டியளா" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் இங்க வந்து ஏழு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. எனக்கு மாத்திரை கிடையாது. அன்னைக்கு அந்த மண் திட்ட எடுத்துட்டுக் கட்டை அடின்னு எல்லாரும் சொன்னாங்க. தவசி அண்ணாச்சியும் சொன்னாரு. இங்க யாரு மாமா அளக்கப் போறான்னு சிரிச்சாரு. நீங்கதான் கேக்கல. தொழில்னா தொழில்னு சொன்னிய."

நான் உட்கார்ந்துவிட்டேன். பள்ளத்தில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அடுத்தவர் வாயால் கேட்பது வேறு.

"செத்துப்போனாருன்னு வெளியில தெரிஞ்சா தீவும் தெரிஞ்சிரும்னு துறைமுகத்துல இறங்கிட்டாருன்னு எழுதிட்டாங்க. நான்தான் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அலமாரியைத் திறந்து ஒரு பேரேட்டை எடுத்தார். "இன்னொண்ணும் இருக்கு. பாக்கணுமான்னு யோசிச்சிக்கிடுங்க."

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில். முதல் தடவை தீவுக்குப் போய் வந்த பிறகு பஞ்சவர்ணம்தான் சொல்லிக் கொடுத்தாள். பேரேட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் எதற்காக வந்தாய் என்று ஒரு கட்டம். முதல் தடவை என் பெயருக்கு எதிரே யாரோ 'வேலை' என்று எழுதி, பக்கத்தில் என் கைநாட்டு. இரண்டாவது தடவைக்கு என் கையெழுத்தே இருந்தது. கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

'மரக்க.'

மறக்க என்பதற்கு வல்லின றகரம் போட வேண்டும். எனக்கு அது எப்போதும் தப்பும். பஞ்சவர்ணம் தலையில் குட்டுவாள். அதனால் அதை எழுதியது நான் இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

"ரெண்டாவது தடவ நீங்க வேலைக்கு வரல" என்றார் டாக்டர். "உங்களுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. இங்க வந்து தினமும் அதையே நினைச்சிய. இளக விட்டு இளக விட்டு, கடைசில ஊசியில கழுவிட்டுப் போனிய. நான் தடுக்கல. தடுத்திருக்கணுமோ என்னமோ." போனை மேசையில் வைத்தார். "அஞ்சு நிமிஷம்."

பஞ்சவர்ணம் நூறு நாள் வேலையில் இருந்தாள். பக்கத்தில் கருவேல முள் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுண்ணே" என்றாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"நான்னு எப்படித் தெரியும்?"

"இந்த நம்பரு இப்படித்தான் நீளமா வரும்."

நான் யோசித்து வைத்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. "தாயி, தவசி ஓடலத்தா" என்றேன்.

முள் வெட்டுகிற சத்தம் தூரமாகப் போனது. அவள் தள்ளி நடக்கிறாள் என்று புரிந்தது.

"தெரியும்ணே. மேக்குச் சுவரு சரிஞ்சது. நீ அவுகளப் பிடிச்சு இழுத்த. கைதான் வெளிய இருந்துச்சு. மொத தடவையே நீதான் சொன்ன, அங்க இருந்தே."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல?"

"நீதான சத்தியம் வாங்குன. ஊருக்கு வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிராத தாயி, சொன்னா நான் இருக்க மாட்டேன்னு அழுத. ஒண்ணரை வருசம் சொல்லல. நீ கஞ்சி குடிக்கையில எல்லாம் அவுகள ஓடுகாலி ஓடுகாலின்னு திட்டுவ. நான் ஊத்திக்கிட்டே நிப்பேன். ஒரு நாளு பொறுக்க மாட்டாம சொல்லிப்புட்டேன். பதினோரு நாளு நீ சோறு திங்கல. பன்னெண்டாம் நாளு ஏஜெண்டு வீட்டு வாசல்ல போய் உக்காந்துட்ட."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"திரும்பி வந்து, பையக் கூட எறக்கி வைக்கல, தவசி எங்கத்தான்னு கேட்ட. நானே என் வாயால ஓடிட்டாகன்னு சொன்னேன்ணே. சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டேன்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, அந்த ஊசி வெளிய எங்கயாச்சும் கெடைக்குமா?"

"எதுக்குத்தா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

அதோடு நேரம் முடிந்தது.

நான் போனை வைத்துவிட்டு டாக்டரிடம், "எனக்கு ஊசி வேண்டாம்" என்றேன்.

"ஊசி போட்டாத்தான் கரை அண்ணாச்சி. போடலன்னா தீவுதான். எனக்கும் அதே சட்டம்தான். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன்."

"வீட்டுல கேக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

நாலு வருடமாக ஒரு பொம்பளை தனியாகச் சுமந்திருக்கிறாள், நான் இரண்டு தடவை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். இந்தத் தடவையாவது ஒரு பக்கம் தோள் கொடுக்க வேண்டும். அப்படித்தான் எனக்குப் பட்டது. சரியாகவே பட்டது.

மறுநாள் கப்பலுக்கு வரிசை நின்றது. வில்லாயுதம் ஊசிக்குச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தான். "வீட்டுக்குத் தாக்கல் ஏதும் சொல்லணுமாய்யா?" என்று கேட்டவன், உடனே அவனே சிரித்துவிட்டான். "என்னத்தச் சொல்ல. இன்னும் கால் மணி நேரத்துல உன்னையே எனக்குத் தெரியாது."

"இருந்தாலும் கேட்டியே."

"அவன் நல்லாத்தான்யா இருந்திருப்பான், உன் ஓடுகாலி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். வெளியே வந்தபோது என்னைத் தாண்டி நடந்தான். தீவில் வேலை பார்க்கிற யாரோ என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டான்.

இப்போது எனக்குச் சாமான் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற வேலை. தங்கிவிட்டவர்களுக்கு மாதம் ஒரு தடவை ஐந்து நிமிடம் போன் உண்டு. முதல் மாதம் அது கிடைத்தபோது சந்தோஷமாகத்தான் நம்பரைப் போட்டேன். சொல்ல வேண்டியதை நாலைந்து நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். நான் ஊசி போடவில்லை, இனிமேல் மறக்க மாட்டேன், தவசி சாவை நீ ஒருத்தியே வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, நானும் வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழுவதும் கேட்டாள்.

"கூரைத் தகரம் ரெண்டு போன வாரக் காத்துல பறந்துருச்சு" என்றாள்.

"யாரையாச்சும் விட்டுப் போடச் சொல்லுத்தா."

"ம்."

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எனக்குச் சொல்லாதன்ன, சரின்னேன். தானா கெளம்பிப் போன, சரின்னேன். இப்ப வர மாட்டேங்குற. மூணு தடவையும் நீயே முடிவு பண்ணிட்ட. மூணு தடவையும் பெறகுதான் எனக்குத் தெரியுது."

"உனக்காகத்தான் தாயி."

"ஏஜெண்டு ஆளு வந்து, உங்க அண்ணன் துறைமுகத்துல எறங்கிப் போய்ட்டாருன்னு சொல்லிட்டுப் போனாரு. ஊர்ல இப்ப ரெண்டு ஓடுகாலி." அவள் குரல் உயரவே இல்லை. "உனக்குத் தெரியலன்னா என்னண்ணே. அவுகளத் திட்டிக்கிட்டாவது வீட்டுல இருந்திருப்ப."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அந்த இரண்டு நிமிடமும் நாங்கள் இரண்டு பேருமே பேசவில்லை. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.